வேப்பிலை கட்டிய ஒழுங்கை

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல, அவர் செத்து மண்ணாகி எத்தனையோ காலமாயிற்று. தன் பெயர் எங்கும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் அவர். பள்ளிக்கூடக் கிணற்றுக் கட்டில் ஒரு கல், கோயில் மடைப்பள்ளிச் சுவரில் ஒரு கல், மீன் விற்கிற கொட்டிலில்கூட ஒரு கல். கல்லில் வெட்டியதை என்னால் அழிக்கமுடியாது. கடதாசியில் எழுதாமல் விடலாம். அதைச் சந்தோசமாகவே செய்கிறேன்.

ஊர் அவரைப் போடியார் என்றது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வட்டை முழுவதும் அவருடைய நெல்வயல். எங்கள் ஊர் இந்தப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், செட்டிபாளையத்துக்குக் கிட்ட. என் அப்பா அவருடைய வயலில் முல்லைக்காரன். விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை வயலிலேயே கிடந்து பாடுபடுகிற வேலை. ஊரில் பாதிக் குடும்பம் அப்படித்தான் சோறு தின்றது. போடியார் கிராமச் சங்கத்துக்குத் தலைவர், அம்மன் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர். வயிறு, ஊர், சாமி மூன்றும் ஒரே ஆளின் மடியில் இருந்தால் அந்த ஆளை யார் கேள்வி கேட்பது?

இரண்டாம் உலக யுத்த காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்த எங்கள் ஒழுங்கைத் தெருவின் கடைசி வீட்டுக்காரர் காய்ச்சலோடு திரும்பி வந்தார். கொஞ்ச நாளில் முகம் முழுக்கக் கொப்புளம். அவருடைய மனைவி வழக்கப்படி வேலிவாசல் படலையில் வேப்பிலைக் கொத்துக் கட்டினார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. வேப்பிலை கட்டிய வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள். வெளியாள் உள்ளே போகக்கூடாது. உள்ளிருந்து நெருப்போ தண்ணீரோ உப்போ வெளியே வரக்கூடாது. நோய் மாறி, நோயாளிக்குத் தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் அந்த இலையைக் கழற்றுவது.

அது வைகாசி மாதம். அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை கதவு திறந்து குளிர்த்திச் சடங்கு நடக்கும் காலம். அந்த வருடச் சடங்கைப் போடியார் தன் செலவில் பெரிதாக நடத்த நினைத்திருந்தார். மாரிக்கு முன்னர் கிராமச் சங்கத்துக்குத் தேர்தல் வர இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்ச்சனம் எல்லாம் வந்து, அவருடைய பந்தலில் இருந்து, அவருடைய சோற்றைத் தின்றுவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய திட்டம். வேப்பிலையைச் சுகாதார இன்ஸ்பெக்டர் கண்டால் சடங்கு நின்றுவிடும். ஆகவே போடியார் தன் கணக்கப்பிள்ளையை அனுப்பினார்.

கணக்கப்பிள்ளை வண்டிலில் வந்து கடைசி வீட்டுப் படலையில் நின்றதை நான் எங்கள் வேலிக்குள்ளிருந்து பார்த்தேன்.

"சடங்கு முடியிற வரைக்கும் இத வெளியில காட்டப்படாதாம். போடியார் சொல்லச் சொன்னாரு" என்றார்.

அந்த மனிசி ஏதோ முணுமுணுத்தார். கணக்கப்பிள்ளை தானே கையை நீட்டிக் கொத்தை அறுத்து வண்டிலுக்குள் போட்டார். கோயிலுக்கு வெட்டிய வேப்பிலை அந்த வண்டிலில் குவிந்து கிடந்தது. நோயாளி வீட்டு இலையும் அதோடு சேர்ந்து அம்மனிடம் போயிற்று.

நான் நினைத்தேன், நோய் மாறிவிட்டது போலும் என்று. இலை கழற்றினால் அதுதானே அர்த்தம். கொப்புளத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை, படலையைத்தான் பார்த்திருந்தோம்.

எங்கள் உரல் அந்த மாதம் வெடித்துப்போயிருந்தது. என் தங்கச்சி கடைசி வீட்டு உரலில்தான் நெல் குற்றுவாள். இலை கட்டியிருந்த நாட்களில் போகவில்லை. இலை போனதும் மறுநாள் காலையில் சுளகையும் தூக்கிக்கொண்டு போனாள். அவள் நெல் குற்றினால் ஊருக்கே தெரியும். உலக்கைக்கு ஒத்துவராத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே குற்றுவாள். அன்றும் அந்தக் குரல் கேட்டது. நான் வீட்டிலிருந்து, "கத்தாதடி, காகம் செத்துப்போகும்" என்று கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்த மனிசி அவளைத் தடுத்திருக்கலாம். வாய் திறந்தால் போடியாருடைய வயல் போய்விடும் என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு நெடுநாள் நான் அவரோடு பேசவில்லை.

குளிர்த்தி அமர்க்களமாக நடந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, ஊரில் யாருக்கோ வருத்தமாம், என்ன நோய் என்று விசாரித்ததாகவும், போடியார் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார்கள். சடங்கு முடிந்து சனம் கலைந்தது. கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் தங்கச்சி படுத்தாள். பிறகு ஒழுங்கைக்கு ஒழுங்கை படுத்தார்கள். சின்ன வயதில் அம்மைப்பால் குத்திக்கொண்டவர்கள் தப்பினார்கள். எங்கள் ஊரில் குத்திக்கொண்டவர்கள் குறைவு. குத்த வருகிறார்கள் என்று கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர்.

தங்கச்சியின் நோயை நான் எழுதமாட்டேன். வாழையிலையில் கிடந்தாள், ஆனியில் செத்தாள், அவ்வளவுதான். பறை இல்லை, ஒப்பாரி இல்லை. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்கரையில் சதுப்புக் கண்ணாக்காட்டுக்கு அப்பால் புதைத்தார்கள்.

இவ்வளவு நடக்கும்போது தலைவர் எங்கே? பெண்சாதி பிள்ளைகளோடு தோணி ஏறிப் படுவான்கரைக்குப் போய்விட்டார். வட்டையில் அவசர வேலையாம். சங்கத்துச் சாவியும் அவருடைய இடுப்போடு போய்விட்டது.

நோய் தணிந்த பிறகு திரும்பி வந்தார், அரிசி மூட்டைகளோடு. கோயில் முன்றிலில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். நானும் சிரட்டை ஏந்தி வாங்கிக் குடித்தேன். பசி. அதற்கு நான் வெட்கப்படவில்லை. அது என் அப்பா விளைவித்த நெல். ஆனால் கஞ்சி குடித்த சனம் பேசிய பேச்சுத்தான் எனக்கு நெஞ்சில் ஏறவில்லை. "என்ன இருந்தாலும் போடியார் இல்லாட்டி நாம பட்டினியால செத்திருப்பம்" என்றார்கள். பிள்ளையைப் புதைத்த கை காயுமுன்னர் அந்தக் கையை எடுத்து அவரைக் கும்பிட்டார்கள். அம்மாளின் கோபத்துக்கு மனிசன் என்ன செய்வான் என்று அவருக்காக நியாயமும் பேசினார்கள். அவர் மறுபடி வெல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கையாலேயே வெல்லப்போகிறார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர் தோற்கவேண்டும், தான் எதனால் தோற்றேன் என்று அவருக்குத் தெரியவும் வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை.

புரட்டாசியில் வாக்குக் கேட்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் வாக்குக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்கிறவர் வீட்டுக்குள் வந்து இருக்கவேண்டும். வீட்டுக்காரர் வெற்றிலை வட்டாவை முன்னால் வைக்கவேண்டும். அவர் ஒரு வெற்றிலை எடுத்துப் போட்டாரென்றால் வீடு வாக்குக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். பெட்டிக்குள் எதைப் போட்டோம் என்று யாரும் பார்க்கப்போவதில்லைதான். ஆனாலும் வட்டா வைத்த சனம் வாக்குத் தவறாது. வட்டா வைக்காமல் விடவோ, முல்லைக்காரனுக்கும் குத்தகைக்காரனுக்கும் துணிவு ஏது?

அவர் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற அன்று காலையில் அம்மா எங்கள் படலையில் வேப்பிலை கட்டினார்.

அப்பா பதறிப்போனார். "என்ன வேலகா இது? வீட்டில ஆருக்கு வருத்தம்? கழட்டு. வயித்தில மண் விழப்போகுது" என்றார்.

"என்ட புள்ளைக்குத் தண்ணி வாக்கல்ல. தண்ணி வாக்காம இலை கழட்டுற வழக்கம் எங்க இரிக்கு?" என்றார் அம்மா.

போடியார் பரிவாரத்தோடு வந்தார், படலையில் இலையைக் கண்டார், நின்றார். உள்ளே வரமுடியாது. குரல் கொடுத்தார். அம்மா அடுப்படியிலிருந்தே, "இஞ்ச அம்மாள் இரிக்கா, போடியார்" என்றார். கணக்கப்பிள்ளை இலைக்குக் கை நீட்டினார். சுற்றி நின்ற சனம் அந்தக் கையையே பார்த்தது. கை தானாகத் தாழ்ந்தது.

அன்று பின்னேரமே அப்பாவுக்கு வயல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு எனக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது. எங்கள் வளவு வேம்பில் கொப்பு முறித்து, பின்வேலிகளால் நுழைந்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஆள் செத்த வீடுகள் முதலில் வாங்கின. பிறகு நான் போகாமலேயே வந்தார்கள். கடைசி வீட்டு மனிசியும் வந்தார். புருஷன் முகம் முழுக்கத் தழும்போடு பிழைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, "எனக்கும் ஒரு கொப்புத் தா புள்ள. இந்த முறை ஒருத்தனையும் கழட்ட விடமாட்டன்" என்றார். இருந்ததில் நல்ல கொப்பாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஒரு கிழமையில் போடியார் நுழைவதற்கு ஊரில் வாசல் இல்லை. யாரும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் வட்டா வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். நோயை மறைக்க யாரிடம் பொய் சொன்னாரோ, அதே இன்ஸ்பெக்டரைப் புளியந்தீவுப் பட்டணத்திலிருந்து கூப்பிட்டார். ஊரில் வருத்தம் இல்லை, இலையைக் கழற்றுங்கள் என்று அரசாங்கத்து வாயால் சொல்லவைக்க நினைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துப் பொடியன், சூதுவாது தெரியாதவர். போடியார் பக்கத்தில் நிற்க, ஒழுங்கைச் சனமெல்லாம் படலைகளில் நிற்க, எங்கள் படலையில் வந்து என்னைக் கேட்டார்.

"ஆருக்கு வருத்தம்?"

"தங்கச்சிக்கு."

"ஆளைப் பாக்கவேணும். எங்கை அவ?"

"கண்ணாக்காட்டுக்கு அங்கால. ஆனி மாசம் புதைச்சது" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "என்ன வருத்தம்?" என்றார். பெரியம்மை என்றேன். அவர் போடியார் பக்கம் திரும்பினார்.

"தலைவர், வைகாசியிலை நான் வந்து கேக்கேக்கை வெறும் சின்னம்மை, கொப்புளிப்பான் எண்டெல்லோ சொன்னனீங்கள். பெரியம்மை எண்டு சொல்லியிருந்தா, நாங்கள் அடுத்த நாளே வந்து ஊர் முழுக்க அம்மைப்பால் குத்தியிருப்பமே."

பிழை பிடிக்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. விளங்காமல் கேட்டார். இலையைக் கழற்றியது எல்லோருக்கும் தெரியும். மருந்தைத் தடுத்தது அதுவரை ஒருவருக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. அம்மாளின் கோபம் என்று நெஞ்சை ஆற்றிக்கொண்டிருந்த தாய்மார் எல்லோரும் போடியாரைப் பார்த்தார்கள். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அந்த நேரம் எவ்வளவு இனித்தது என்று சொன்னால் பாவம் என்பீர்கள். இனித்தது.

தேர்தலில் போடியாரை எதிர்த்து நின்றவர் சைக்கிள் திருத்துகிற ஒருவர். நல்லவர் என்று சொல்லமாட்டேன்; கடன் கேட்டால் காது கேளாது, வேலை கொடுத்தால் கண் தெரியாது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. போடியாருக்கு மஞ்சள் விழுந்தது, மங்களம் என்று வெடி கொளுத்தினார்கள். சைக்கிள்காரருக்குக் கறுப்பு. அபசகுனம் என்று மனிதர் அழாத குறை. தேர்தலன்று பள்ளிக்கூடத்துக்குப் போடியாருடைய வண்டிலிலேயே ஏறிப் போனோம். மறைப்புக்குள் போனதும் மஞ்சள் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு துண்டைக் கறுப்பில் போட்டேன். அதுதான் என் முதல் வாக்கு. ஒருவரைத் தெரிவு செய்வதற்காக நான் அதைப் போடவில்லை.

மஞ்சள் பெட்டியில் கிடந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். அவருடைய சொந்தக்காரரே முழுதாகப் போடவில்லை. சைக்கிள்காரர் தான் வென்றதை நம்பாமல் திரும்ப எண்ணச் சொன்னார். பிறகு சங்கத்தில் தன் காலம் முழுவதும் கதிரையில் நித்திரை கொண்டார். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பொழுதுபடப் போடியார் எங்கள் ஒழுங்கையால் தனியாக வந்தார். கணக்கப்பிள்ளை இல்லை, சால்வை இல்லை. எங்கள் படலைக்கு வெளியே நின்றார். இலை காய்ந்து சருகாகித் தொங்கியது. அம்மா முற்றத்தில் நின்றார். வேலையில்லாத அப்பா உள்ளே பாயில் படுத்திருந்தார். வீட்டில் அரிசி இல்லை என்பதும் போடியாருக்குத் தெரியும்.

"எல்லாம் முடிஞ்சிதானே, புள்ள. உன்ட மனிசன் வாற போகத்துக்கு வயலுக்கு வரட்டும். நான் ஒண்டும் மனசில வைக்கல்ல. அந்த இலைய மட்டும் கழட்டிப்போடு. ஒரு படலையில கழட்டினா மற்றவங்களும் கழட்டுவாங்க" என்றார்.

"முதலும் நீங்க கழட்டத்தான் சொன்னீங்க, போடியார்" என்றார் அம்மா.

அவர் வந்த வழியே போனார். உள்ளே அப்பா எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது. வயல் கையில் வந்து போனதை எண்ணி அம்மாவை ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன், ஏசவில்லை.

விடிய நான் முற்றம் கூட்ட வந்தபோது அப்பா வேப்பமரத்தில் இருந்தார். இறங்கி வந்து, படலையில் தொங்கிய சருகை அவிழ்த்தார். புதுக் கொத்தை அந்த இடத்தில் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.