வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

செங்கரடு நகராட்சியின் கழிவுநீர் ஓவர்சீயர் கந்தவேல் வீடு எது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் திருதிருவென்று விழிப்பார்கள். சாக்கடைக் கந்தவேல் வீடு என்றால் பால்காரன் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவான். அந்தப் பட்டத்தில் அவருக்கு வருத்தம் இருந்ததே இல்லை. "ஊரே கழிச்சுக் கட்டுனதை நாந்தானுங்க கட்டி மேய்க்கறேன். பேரு வெச்சா வெச்சுட்டுப் போகட்டும்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். அண்ணன்மார் சாயப்பட்டறை, ஜவுளி என்று போக, இவர் ஒருவர்தான் படித்துவிட்டு நகராட்சிக்கு வந்தார். அண்ணன்மார் நூலை முக்கியெடுத்த சிவப்பும் நீலமும் ஊர்ச் சாக்கடையோடு கலந்து எங்கே போகிறது என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஊருக்குக் கிழக்கே இருந்த கீழேரிக்குப் போனது. அங்கிருந்து கசிந்து ஏரிக்குக் கீழே இருந்த கிணறுகளுக்குப் போனது. தீபாவளிச் சேலைக்குச் சாயம் காய்ச்சும் மாதங்களில் அந்தக் கிணறுகளில் இறைத்த தண்ணீர் வெளிறிய காவி நிறத்தில் இருக்கும். மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

1975 கோடையில் ஏரிக்கீழ் விவசாயி சென்னியப்பக் கவுண்டர் நகராட்சி வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க ஓவர்சீரு, உங்க ஊரு அழுக்கு உங்க ஊருக்குள்ளயே இருக்கட்டுமுங்க. நாங்க ஏரி வாயில பாறையப் போட்டு அடைக்கப் போறோம்."

அடைத்தால் என்ன ஆகும் என்று கந்தவேலுக்குத் தெரியும். முதல் மழைக்கே சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து தறித் தெருக்களுக்குள் ஏறும். அதன் பின்னாலேயே வாந்திபேதி வரும். கவுண்டர் பக்கம் நியாயம் இருந்ததால் சண்டை போடவும் முடியவில்லை. சாக்கடை ஏரிக்குப் போகுமுன் தேக்கித் தெளியவைக்கத் தொட்டிகள் கட்டுவோம், அதற்கு அரசாங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்தார். ஓர் ஓவர்சீயர் அரசாங்கத்தின் சார்பில் வாக்குக் கொடுப்பது, அடுத்த வீட்டு நெய்யை நம்பி விருந்துக்கு அழைத்த கதைதான். ஆனால் கந்தவேல் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு பின்வாங்குகிற ஜாதியும் இல்லை.

மெட்ராசுக்கு நடையாய் நடந்தார். குடிதண்ணீர்த் திட்டம் என்றால் அங்கே நாற்காலி போடுவார்கள். சாக்கடைத் திட்டம் என்றால் கைக்குட்டையைத் தேடுவார்கள். "ரெண்டும் ஒரே தண்ணிதானுங்க. நாம கழுவி விடற தண்ணியத்தான் கீழ இருக்கறவன் குடிக்கறான்" என்று மேசைக்கு மேசை சொன்னார். தனியாளாகச் சொல்லி எடுபடவில்லை என்றதும் அக்கம்பக்கத்து நகராட்சிகளின் கழிவுநீர்ப் பிரிவுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போனார். குடிதண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தோடு கழிவுநீருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியே ஆக வேண்டும், அதை விதியாகவே போட வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. தொல்லை தாங்காமலோ என்னவோ, பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார்.

வந்த அன்றைக்கு நடந்த கூத்தைத்தான் கந்தவேலால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. பெரிய மனிதர் வருகிற நாளில் ஊர் நாறக்கூடாது என்று பட்டறைக்காரர்கள் மரியாதையாக ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். நகராட்சி ஆட்களே சாக்கடையை அலசிவிட்டு இரு கரையிலும் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கவுண்டர் மனைவி பாப்பாயி வந்தவருக்கு இளநீர் சீவிக் கொடுத்து, நாட்டுக்கோழி அடித்துச் சோறும் போட்டுவிட்டார். "எப்படி இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டதற்குக் கவுண்டர், "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க" என்று கும்பிட்டார். விருந்தாளியிடம் குறை சொல்வது அந்த வீட்டில் பழக்கமில்லை. இங்கே அவசரம் ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டு அதிகாரி ஏப்பத்தோடு கார் ஏறினார்.

மறுபடி ஒருவரை வரவழைக்க 1981 ஆகிவிட்டது. அதற்குள் கவுண்டர் ஏரி வாயில் பாறைகளைக் கொண்டுவந்து இறக்கியே விட்டார்; உருட்டி அடைப்பதுதான் பாக்கி. இதுதான் கடைசி வாய்ப்பு.

இந்த முறை கந்தவேல் உஷாராக இருந்தார். சாக்கடைப் பக்கம் யாராவது சுண்ணாம்புக் கூடையைத் தூக்கினால் கையை முறித்துவிடுவேன் என்று தன் ஆட்களை மிரட்டினார். பட்டறைகளுக்குப் போய், "நாளைக்கு ஒருத்தரும் லீவு உடக்கூடாது. பாறை உருண்டா மொதல்ல முங்கறது நம்ம பட்டறைதான்" என்றார். தம்பிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அண்ணன்மார் தலையில் அடித்துக்கொண்டாலும் சாய அடுப்பை மூட்டச் சம்மதித்தார்கள். கடைசியாகப் பாப்பாயியிடம் போனார்.

"அக்கா, நாளைக்கு எளநி வேண்டாமுங்க. உங்க கெணத்துத் தண்ணியவே ஒரு சொம்பு குடுங்க."

பாப்பாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஊட்டுக்கு வந்தவிங்களுக்குக் கெட்ட தண்ணி குடுக்கச் சொல்றீங்களா? எங்க சனத்துல எவளாச்சும் செய்வாளா?"

"எளநி குடுத்துத்தானுங்க போன தடவை கெட்டோம்."

பாப்பாயி அவரையே பார்த்தார். "ஆறு வருசமா இந்த வாசலுக்கு வாரீங்க. ஒரு நாளாச்சும் இந்த ஊட்டுத் தண்ணி உங்க தொண்டையில எறங்கியிருக்குதா? சொம்பை நீட்டுனா, இப்பத்தானுங்க டீ குடிச்சேன்பீங்க. நீங்க குடிக்காத தண்ணிய நான் எப்படிங்க இன்னொருத்தருக்கு நீட்டுவேன்?"

கந்தவேலின் முகம் சிறுத்துவிட்டது. உண்மைதான். மேசை மேசையாகப் பேசிய மனிதர், அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததில்லை. சொம்பை வாங்கி அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். உப்பும் சாயக் கசப்புமாக இருந்தது. வயிறு அன்று மாலையே தன் வேலையைக் காட்டிவிட்டது.

மறுநாள் சாக்கடை அரக்குச் சிவப்பில் நுரைத்துக்கொண்டு ஓடியது. புதிய அதிகாரி கைக்குட்டையும் மூக்குமாக ஏரிவரை நடந்து பார்த்துவிட்டுக் கவுண்டர் வீட்டுக்கு வந்தார். பாப்பாயி எவர்சில்வர் சொம்பைப் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாயருகே கொண்டுபோன அதிகாரி சொம்புக்குள் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வீட்டில் கொடுத்த தண்ணீரை மறுப்பது எத்தனை பெரிய அவமரியாதை என்று அவருக்கும் தெரியும்.

"குடிக்காட்டிப் பரவால்லீங்க சாமி" என்றார் பாப்பாயி. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்ககிட்ட இருக்கறது இதுதானுங்க. நேத்து ஓவர்சீரு குடிச்சாருங்க."

"குடிச்சீங்களா?" என்று அதிகாரி கந்தவேலிடம் கேட்டார்.

"முழுச் சொம்புங்க. இன்னும் அனுபவிச்சுட்டு இருக்கறேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார் கந்தவேல்.

அதிகாரி சிரிக்கவில்லை. சொம்பைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு, பாப்பாயியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த பொங்கலுக்குள் தொட்டிகளுக்குப் பணம் ஒதுக்கி உத்தரவு வந்தது. கழிவுநீருக்கும் பங்கு ஒதுக்கும் அந்த விதி மட்டும் இன்னும் இழுபறிதான். கந்தவேல் அதையும் விடுவதாக இல்லை. மெட்ராசுக்குப் போகிற ஓவர்சீயர்கள் இப்போதெல்லாம் மனுவோடு தங்கள் ஊர்த் தண்ணீரையும் சொம்பில் கொண்டுபோகிறார்கள். ஏரி வாயில் கிடந்த பாறைகளைக் கவுண்டரே வண்டி கட்டி, தொட்டிக்கு அஸ்திவாரம் போடக் கொண்டுவந்து இறக்கினார்.

தொட்டி ஓடத் தொடங்கி மூன்று மழைக்காலம் போன பிறகு, ஒருநாள் கந்தவேல் ஏரிப்பக்கம் போனவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். பாப்பாயி சொம்பை நீட்டினார்.

"இப்பத்தானுங்க டீ..." என்று ஆரம்பித்த கந்தவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டுத்தரை மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. கந்தவேல் அண்ணாந்து கடகடவென்று குடித்து முடித்தார். காலிச் சொம்பைத் திரும்ப நீட்டினார்.

"இன்னொரு சொம்பு குடுங்கக்கா."