ஏழாம் நம்பர் அறைக்கு ஒரு போன்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுத்தோம். இப்போது நேர்முகத் தேர்வுக்கு யாரும் நேரில் வருவதில்லை. திரையில் ஒரு முகம் வரும், கேள்வி கேட்போம், முகம் மறைந்துவிடும். ஒரு பையன் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லி முடித்துப் போன பிறகு, கூட இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சார், அவன் பேசினப்பல்லாம் நீங்க 'ம்', 'ம்'னுட்டே இருந்தீங்க. மியூட்ல போட்டுக்கக் கூடாதா?" எனக்கே தெரியாமல் என்னிடம் இப்படி ஒரு வியாதி இருந்திருக்கிறது.

இது தொற்றிய இடம் ஏற்காட்டில் ஏரிக்குச் சற்று மேலே இருந்த ஒரு லாட்ஜ். அதை நினைத்தாலே ஈரக் கம்பளியும் பாச்சா உருண்டையும் கலந்த ஒரு வாசனை வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசி. என் மலைக் கிராமமான செம்மநத்தத்திலிருந்து சேலத்துக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அந்த லாட்ஜின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி சேலத்தில் இருந்தார். மே மாதக் கூட்டம் இறங்கிப் போய்விட்டால் அப்புறம் ஈ, காக்கை வராது. ஐப்பசி மழையில் மூடுபனி மட்டும் கதவைக் கேட்காமல் உள்ளே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருக்கும். பகல் முழுக்க ஒருவரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் டீக்கடையில் "ஒரு டீங்க" என்று சொல்லும்போது என் குரலே எனக்கு அன்னியமாகக் கேட்கும்.

அதற்குள் இரண்டு இன்டர்வியூவில் தோற்றிருந்தேன். புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றே: "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." உன்னைப் பற்றிச் சொல் என்று என்னிடம் அதுவரை எவரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் "யாரு மவன்?" என்பார்கள். அப்பா பேரைச் சொன்னால் நம் கதை முழுக்க அவர்களுக்கே தெரியும். அந்தப் பழக்கத்தில் அப்பா பேரையும் ஊர் பேரையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் பாவம், காத்திருந்தே களைத்துப்போனார்கள்.

மூன்றாவது அழைப்பு பெங்களூரிலிருந்து வந்தது. அப்பா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதும் ஆவுலீன்னா ஊட்டுக்கு வந்துரு கண்ணு. காப்பிக்குக் கவாத்துப் பண்ண ஆளு கெடைக்கறதில்ல." மிளகுக் கொடியும் காப்பிச் செடியுமாக என் மிச்ச வாழ்க்கை எனக்குக் கண்ணில் தெரிந்தது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் எனக்கு வேண்டாம்.

பேசிப் பழக ஆள் வேண்டுமே? கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், சிரிப்பு வந்தது. லாட்ஜில் அறைகளுக்குப் போட்டிருந்த இன்டர்காம் இருந்தது. காலி அறைக்குச் சுழற்றினால், தூரத்தில் மணி அடிப்பது கவுண்டருக்கே கேட்கும். அந்த மணியிடம் பேசத் தொடங்கினேன். வராந்தாவின் கோடியில் இருந்ததால் ஏழாம் நம்பர் எனக்குப் பிடித்துப்போனது. எட்ட இருந்ததால் பெங்களூர் மாதிரி தோன்றியதோ என்னவோ.

ஒருநாள் "குட் மார்னிங் சார், ஐ ஆம் ஃபிரம் ஷெவராய் ஹில்ஸ்" என்று நான் ஆரம்பிக்க, மணி நின்றுவிட்டது.

"ஏனுங்க, யாருங்க பேசறது? இந்த ரூம்புல ஆளே இல்லீங்களே!"

ராசம்மாக்கா. கொட்டச்சேட்டிலிருந்து வந்து அறைகளைக் கூட்டித் துடைக்கிறவர். என்னைப் போலவே அதிகம் பேசாதவர். கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

"நாந்தானுங்கக்கா, கவுண்டர்ல இருந்து. இன்டர்வியூவுக்குப் பேசிப் பாக்கறனுங்க."

"அதுக்கு மணிகிட்டயா பேசுவாங்க? எங்கிட்டப் பேசுங்க சாமி. எனக்கு ஒண்ணும் புரியாது, இருந்தாலும் கேக்கறேன்."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அக்கா ஏழாம் நம்பரில் போய் உட்காருவார். நான் சுழற்றுவேன். நேரில் வந்தால் இருவருக்குமே கூச்சம். போனில் அது இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ம்" கொட்டுவார். கதை கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவருக்கு ஓடாது என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த "ம்" வந்த பிறகுதான் எனக்கு அடுத்த வாக்கியம் வந்தது. மெல்ல மெல்ல என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருப்பது தெரிந்தது.

ஒருநாள் நான் முடித்ததும், "நான் சொல்லட்டுங்களா?" என்றார். சொன்னார். "பேரு ராசம்மா. ஊட்டுக்காரரு இல்லீங்க. ஒரே பொம்பளப் புள்ள, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போவுது. ஊட்டுல வெளக்கு வெச்சா நானும் வெளக்குந்தான். அவ்வளவுதான் சாமி, நொம்ப ஒண்ணுமில்ல." நான் "ம்" என்றேன். அதன் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பெங்களூரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி வந்தது. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டாவதைச் சொல்லிவிட்டு மறுபடியும் நின்றேன். "ம்" இல்லாமல் எனக்கு நாக்கு நகரவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் நின்று நின்று பேசுகிறாய் என்று இன்னொருவர் கேட்டார். வேறு வழியில்லாமல், பழகி வைக்காத ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி உள்ளதைச் சொன்னேன்: காலி லாட்ஜ், இன்டர்காம், அக்கா எல்லாம். அவர்கள் நடுவில் இருந்த அம்மாள் எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாக "ம்" என்றார். அவர் கொட்டக் கொட்ட, நான் கடைசிவரை சொல்லி முடித்தேன்.

சாயங்காலமே வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி லாட்ஜுக்குப் போன் செய்தேன். கவுண்டரில் வேறு யார் இருக்கிறார்கள், அக்காதான் எடுத்தார்.

"அக்கா, கெடச்சிருச்சுங்க!"

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நல்லதுங்க சாமி" என்றார். "இனி இங்க வேலைக்கு வரக் கூடாது. வந்தா ரூம்பு எடுத்துத் தங்கறதுக்கு வாங்க." அப்புறம், கேட்பதா வேண்டாமா என்று யோசித்தவர் மாதிரி, "அப்ப ஏழாம் நம்பர்ல இனிமே மணி அடிக்காதுங்களா?"

பூத்தில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பல வருஷம் கழித்து அறை எடுத்துத் தங்கத்தான் போனேன். அந்த இடத்தில் கண்ணாடி வைத்த பெரிய ரிசார்ட் நின்றது. வரவேற்பில் இருந்த பையனுக்குப் பழைய லாட்ஜைப் பற்றித் தெரியவில்லை. கொட்டச்சேட்டில் விசாரித்தபோது, ராசம்மாக்கா திருப்பூரில் இருந்த தன் மகளிடம் போய் அங்கேயே காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. என் ஆங்கிலம் புரிகிறவர்கள் இப்போது என்னைச் சுற்றி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் நீ யார், சொல், கேட்கிறேன் என்று எனக்காக ஒரு காலி அறையில் போய் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். அப்புறம் யாரும் உட்காரவில்லை.