போன் கம்பியைக் கழற்றிய பிறகும்

போன மாதம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய ஃபேக்ஸ் இயந்திரம் திடீரென்று கத்தியது. தகரத்தில் ஆணியால் கிழித்தது போல் ஒரு கீச்சு. அதன்மேல் மணல் கொட்டும் இரைச்சல். பிறகு, மறுமுனையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற அமைதி. அந்த அமைதிதான். கீச்சு அல்ல, இரைச்சல் அல்ல. என் முதுகுத்தண்டில் பதினொரு வயது ஊர்ந்து ஏறியது.

காரைக்குடி. தொண்ணூறுகளின் கடைசி. வெயில் உச்சியிலிருந்து இறங்க மறுக்கும் மத்தியான மூன்று மணி. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். உரிமையாளர்கள் எந்த நாட்டிலோ இருந்தார்கள். எங்களுக்கு விட்டது போக மீதி அறைகளெல்லாம் பூட்டியே கிடந்தன. பூட்டிய அறைகளுக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்குக் காது கொஞ்சம் நீளமாகத்தான் வளரும்.

வீட்டில் நாலு பேர். அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே குழம்புக்கு உப்புப் பார்க்கத் தெரிந்த அம்மா. அப்பாவின் தங்கை, என் அத்தை, அவளும் டீச்சர். வயது இருபத்தொன்பது. அப்பா மட்டும் அவளைப் ‘பாப்பா’ என்றே கூப்பிடுவார். நாலாவது ஆள் நான்.

கம்ப்யூட்டர் அத்தைக்காக வந்தது. பள்ளிகளுக்கு வினாத்தாள் அடித்து, ஃப்ளாப்பியில் போட்டு அச்சகத்துக்குக் கொடுப்பாள். போன் கம்பி வழியாக அது இன்டர்நெட்டைக் கூப்பிடும்போதெல்லாம் அதே கீச்சு, அதே இரைச்சல், அதே அமைதி. அது வந்த அன்று பங்குச் சாமியார் மந்திரிக்க வந்தார். அவர் தீர்த்தத்தை எடுத்ததும் அப்பா கீபோர்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கூரை போட்டார்.

“சாமி, பொட்டிக்கு மட்டும் தெளிங்க சாமி. பட்டன் நனஞ்சா செத்துரும்.”

தூசி படாமலிருக்க அம்மா என் புதுநன்மை முக்காட்டை மானிட்டருக்குப் போர்த்திவிட்டாள். வெள்ளை வலை, ஓரத்தில் சரிகைப் பூ. முதல்முறை நற்கருணை வாங்கியபோது நான் போட்டிருந்தது. அன்றிலிருந்து அந்த மூலையில் முகம் தெரியாத ஒரு பிள்ளை முழங்காலிட்டு இருப்பது போலவே எனக்குப் பட்டது.

ஒரு மத்தியானம் அந்தப் பிள்ளை நாக்கை நீட்டியது.

யாரும் தொடவில்லை. சி.டி. வைக்கிற தட்டு, தானாக, மெதுவாக வெளியே வந்தது. நற்கருணைக்கு நாக்கை நீட்டுவோமே, அப்படியே. அத்தை ஒற்றை விரலால் உள்ளே தள்ளினாள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருக்க, மறுபடி வந்தது.

“யாருக்குடி பசிக்குது?” என்று அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்போது அவள் அடித்துக்கொண்டிருந்தது வினாத்தாள் அல்ல. மைசூரில் ஒரு விடுதிப் பள்ளிக்கு, ஆசிரியை வேலை கேட்டு ஒரு கடிதம். சிவகங்கையில் அப்பா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். மே மாதக் கடைசியில் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்துவிடுவது என்று பேச்சு. அதற்குள் மைசூர் அழைத்தால் போய்விடுவாள். அப்பாவுக்குத் தெரிந்தால் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அவள் அடிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்று படிப்பது என் வழக்கம். அத்தை தடுத்ததில்லை.

“யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்னத்தா?”

“சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தை.”

சொல்லவும் இல்லை. எந்த மனிதரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலில் அந்தோணியார் நவநாள். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். நவநாளின்போது உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். ஊரே சேர்ந்து, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சொல்லும். அத்தைக்குச் செவ்வாய்க்கிழமை டியூஷன், வர மாட்டாள். நானும் அம்மாவும்தான் போவோம்.

அத்தை போய்விட்டால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது? யார் தலை பின்னுவது? இடது கையால் எழுதி, நாலாக மடித்து, என் சீட்டைப் போட்டேன். உபதேசியாரின் கனத்த குரலில் அது தூண்களில் மோதித் திரும்பியபோது எனக்கே அது பெரிய மனுஷர் எழுதியது போல் இருந்தது:

“மைசூரில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கும் என் அத்தை, எங்களை விட்டுப் போகாதிருக்க.”

பக்கத்தில் அம்மாவின் ஜெபமாலை ஒரு மணியில் நின்றது. பிறகு உருண்டது.

மறுநாள் காலை இட்லிக்குச் சட்னியைத் தள்ளிக்கொண்டே அப்பா, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “மைசூர்ல குளிராமே, பாப்பா.”

அப்பா எதையும் நேராகக் கேட்கிற ஆளில்லை. வெயிலைப் பற்றிச் சொல்வது போல் சொல்வார், எழுந்து போவார். அன்று போகிறபோது அத்தையின் சர்ட்டிபிகேட் ஃபைலை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். “பத்திரமா இருக்கட்டும். வீட்டுல கரையான் தட்டுது.”

அத்தையின் விரலில் இட்லித் துண்டு அப்படியே நின்றது. மைசூர் என்ற சொல்லை அவள் வாயால் சொன்னதேயில்லை. விரலால் மட்டும்தான் சொல்லியிருந்தாள். மெல்லத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தாள். முக்காட்டுக்குள் அது முழங்காலிட்டிருந்தது.

சனிக்கிழமை கம்ப்யூட்டர்க்காரர் வந்தார். கல்லுக்கட்டிப் பக்கம் கடை. ரேடியோ ரிப்பேரில் தொடங்கி டி.வி. வழியாக இதற்கு வந்து சேர்ந்தவர். தொப்பையில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்கொண்டுதான் யோசிப்பார். வினாத்தாள் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருப்பதாக அத்தை சொல்லியிருந்தாள்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார், கல்யாண வீட்டில் ஆள் அடையாளம் சொல்பவர் மாதிரி.

“இவுக நம்மாளுக. இவுகளும் நம்மாளுக. இந்தா… இவரு யாருன்னு எனக்கே தெரியலயே டீச்சர்.”

“யாரு விட்டது?”

“ஃப்ளாப்பில தொத்திக்கிட்டு வந்திருக்கும். அச்சகத்துல நாலு பேரு கை படுதுல்ல?”

“நான் அடிக்கிறத அது படிக்குமா?”

“தட்டைத் திறந்து மூடி விளையாடுற பயலாவும் இருக்கலாம். நீங்க அடிக்கிறதெல்லாம் எழுதி வச்சு ஊருக்கு அனுப்புற பயலாவும் இருக்கலாம். மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதுல்ல?” என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “எப்படியும் இந்தப் போன் கம்பிதான் அவனுக்கு வாசல்.”

கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கி, தெரியாத அந்த ஒன்றைத் தேடி அழித்தார். அணைத்துப் போட்டார். பட்டியலை மறுபடி பார்த்தார். கடைசியாகப் போன் கம்பியைப் பிடுங்கி, சுருட்டி, மானிட்டர் மேல் வைத்தார்.

“இனி இது ஊமை, டீச்சர். நீங்க கொலைக்குத் திட்டம் போட்டு அடிச்சாலும் வெளிய போகாது.”

உண்மைதான், தட்டு அதன்பின் வெளியே வரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாக்கை நீட்டியவரைக்கும் அது அங்கே இருப்பது தெரிந்தது.

அத்தைக்கும் நம்பிக்கை வரவில்லை போல. திங்கட்கிழமை உட்கார்ந்து புதிதாக ஒரு கடிதம் அடித்தாள். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கு. அப்படி ஒரு பள்ளியே கிடையாது, பெட்டியைச் சோதிப்பதற்காக அவளே கட்டிய பள்ளி அது என்பது எனக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல் பின்னால் நின்று படித்தேன். மைசூர் போதாதென்று கோயம்புத்தூருமா! செவ்வாய்க்கிழமை இடது கைக்கு மறுபடி வேலை வந்தது.

புதன்கிழமை. இட்லி. எதிர்ச் சுவர்.

“கோயம்புத்தூரு, மைசூரு அளவுக்குக் குளிராது. இல்ல, பாப்பா?”

அத்தை கை கழுவாமல் எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன். முக்காட்டை இழுத்துக் கீழே போட்டு, அணைந்து கிடந்த திரையின் முன் உட்கார்ந்தாள். கம்பி எலி வால் போல் சுருண்டு அங்கேயே இருந்தது. கம்பியில்லை, மின்சாரமில்லை, உயிரில்லை. எந்த வழியாகப் போனது? கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அந்த முகத்தின் தோளுக்குப் பின்னால், உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பது போல, இன்னொரு சின்ன முகம்.

அத்தை அந்தச் சின்ன முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்தேன். கண்ணாடிக்குள்ளும் அது சிரித்தது.

திரும்பாமலேயே கேட்டாள். “நேத்துக் கோயில்ல என்னத்தா வாசிச்சாக?”

“அது ரகசியம் அத்தை,” என்றேன். பிறகு, அவள் வருத்தப்படக் கூடாதே என்று, “நான் பேரே போடல,” என்றேன்.

திட்டவில்லை. அடிக்கவில்லை. குனிந்து முக்காட்டை எடுத்து உதறினாள். மானிட்டருக்குப் போடாமல், நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் அடித்தாள். வேலை வேண்டாம், மனம் மாறிவிட்டேன், மன்னிக்கவும் என்று மைசூருக்கு. அதுவரை செய்யாத ஒன்றையும் செய்தாள். ஒவ்வொரு வரியையும் எனக்குச் சத்தமாக வாசித்து, தமிழில் அர்த்தமும் சொன்னாள். “புரிஞ்சுதா? போகலன்னு எழுதியாச்சு. புரிஞ்சுதா?” அதை அவள் தபாலில் சேர்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தோஷத்தில் வலது கையாலேயே எழுதிவிட்டேன். நன்றிச் சீட்டுக்கு என்ன பயம்? “என் அத்தை எங்கும் போகவில்லை, புனிதருக்கு நன்றி” என்று உபதேசியார் வாசித்தார். அம்மா என் தலையைத் தடவினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, பீடத்தைத்தான் பார்த்தாள்.

புதன்கிழமை அப்பா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அந்த வாரக் கடைசியில் அத்தை, “அண்ணே, பள்ளிக்கூடத்துல சர்ட்டிபிகேட் சரிபாக்கணுமாம், கேக்குறாக,” என்றாள். அப்பா சாவியையே தூக்கிக் கொடுத்தார்.

மே மாதம். மதுரையில் விடைத்தாள் திருத்தப் பத்து நாள் என்றாள் அத்தை. அப்பா வெளியே போயிருந்த மத்தியானத்தில் கிளம்பினாள். வாசலில் அம்மா புளியோதரைப் பொட்டலத்தோடு, கொடைக்கானலில் வாங்கிய தன் கம்பளிச் சால்வையையும் மடித்துப் பைக்குள் திணித்தாள்.

“எதுக்கு மதினி?” என்றாள் அத்தை.

“கெடக்கட்டும். கொண்டு போங்க,” என்றாள் அம்மா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அக்கினி வெயிலில் மதுரைக்குப் போகிறவளுக்குக் கம்பளி எதற்கு என்று, பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தேன். பத்து நாளைக்கு இவ்வளவு கனமான பை எதற்கு என்றும் யோசித்தேன். பதில் தோன்றவில்லை, இடையில் ஐஸ் வண்டி ஒன்று வந்தது, கேள்வியும் கரைந்தது.

பஸ் உறுமியது. அத்தை ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை விட்டு என் காதுமடலைப் பிடித்தாள். வலிக்கவில்லை. என் காதுக்குள் குனிந்து, பக்கத்து ஸீட்டுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள்:

“இனிமே எனக்காக அந்தோணியார்கிட்ட எதுனாச்சும் கேக்கணும்னா, எழுதிப் போடாதத்தா. மனசுக்குள்ள கேளு.”