கோணல் பாலத்தின் ஓட்டைகள்

குப்பனூர் வழியாக மலையேறும் சாலையில், ஓர் ஓடையைக் கோணலாகத் தாண்டும் பழைய கல் பாலம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வெறும் கைப்பிடிச்சுவர். ஓடையில் இறங்கிப் பார்க்க வேண்டும். வளைவின் கற்கள் நேர்வரிசையில் இல்லை, கயிற்றுப் புரிபோல முறுக்கிச் சாய்ந்து போகின்றன. சிமென்ட் இல்லை, கம்பி இல்லை, வெறும் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் இன்றைக்கும் காப்பி மூட்டை லாரிகள் போகின்றன.

சாலைப் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தபோது, பாலத்தின் பக்கச் சுவரில் வரிசையாக இருந்த ஓட்டைகள் கசிந்து பாசி பிடித்திருந்தன. எனக்குப் பார்க்கவே எரிச்சல். சுத்தமாக வேலை செய்கிறவன் என்று ஒரு தலைக்கனம் வேறு. சிமென்ட் குழைத்து அத்தனையையும் அடைக்கச் சொன்னேன்.

கலவை சுமந்துவந்த, தலைச்சோலை என்ற மலைக்கிராமத்துப் பெண் சட்டியை இறக்காமல் நின்றார். "ஏனுங்க சார், உள்ள எறங்குற தண்ணி அப்பறம் எந்தப் பக்கமுங்க போவும்?"

"வேலையப் பாருங்கம்மா" என்றேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. சாலையில் விரல் நுழையும் விரிசல். மேலேறி வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பினேன். இத்தனை காலம் நின்ற பாலம் என்னால் விழப்போகிறது என்று கடப்பாரை தேடி ஓடினேன்.

அதே பெண்ணும் நானும் ஓரமாக நின்று கடப்பாரையால் அடைப்புகளை உடைத்தோம். முதல் ஓட்டையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் என்னைப் பின்னால் தள்ளியது. மதியத்துக்குள் வேகம் அடங்கியது. கையை உள்ளே விட்டேன். வாயருகே பெரிய கற்கள், பின்னால் சிறியவை, அதற்கும் பின்னால் பொடி ஜல்லி. மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விட, யாரும் பார்க்கவே போகாத இடத்தில் கல்லைத் தரம் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு மெய் சிலிர்த்தது. வெட்கமாகவும் இருந்தது.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினோம். சுவர் இன்னும் நகர்ந்தால் அது உடையும். நாள்கள் போயும் உடையவில்லை. பெரிய பொறியாளர் வந்து பார்த்து, பஸ் விடச் சம்மதித்தார். பயணிகளை இறக்கி நடக்கவிட்டு, காலி பஸ்ஸை ஓட்டச் சொன்னோம். நான் வளைவுக்கு அடியில் போய் நின்றேன்.

"மேல வந்துருங்க சார்" என்றார் அந்தப் பெண்.

"இருக்கட்டுமுங்க. அடைச்சது நாந்தானுங்களே."

பஸ் என் தலைக்கு மேலே மெதுவாகப் போயிற்று. ஒரு பொட்டுக் காரைகூட உதிரவில்லை. ஓட்டைகள் மட்டும் பழையபடி ஒழுகிக்கொண்டிருந்தன.