அரக்குக் காயாத பெட்டி

அத்தை வில்வண்டியிலிருந்து இறங்கியபோது எங்கள் முற்றத்தில் இருந்த பெட்டியின் மேல் பூசியிருந்த அரக்கு இன்னும் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. தொட்டால் விரல் ஒட்டும் என்று அப்பா என்னைக்கூடக் கிட்டத்தில் விடவில்லை. என்னையே விடாவிட்டால் எப்படி என்று எனக்குப் பொருமலாக இருந்தது. பெட்டி என்னுடையது அல்லவா?

அப்பா தச்சர் இல்லை. இரணியலுக்குக் கிழக்கே வயலும் தோப்பும் பார்த்து வந்தவர். உளி பிடிக்கிற ஆசை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. கிணற்றடியில் நின்ற பெரிய பலாவை முறித்தபோது நல்ல துண்டொன்றை ஒதுக்கிவைத்து, “மகளுக்கு நகைப்பெட்டி” என்று ஆரம்பித்துவிட்டார். அப்போது என்னிடம் இருந்த நகை, காதுத் துளையில் சொருகிய ஓலைச்சுருள் மட்டும்தான். அதைப் பற்றி நாங்கள் இருவருமே கவலைப்படவில்லை.

பலகைகளின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்படி கோத்தார். மூடி எங்கள் வீட்டுக் கூரைபோல நாலு பக்கமும் சரிந்து உச்சியில் கூடும். மூலைகளுக்குப் பித்தளைத் தகட்டைப் பூவாக வெட்டி அறைந்தார். மூடியில் கிளி வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பழகாத கை, வந்தது என்னவோ காக்கைதான். நான் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் பச்சைச் சாயம் பூசி அதைக் கிளியாக்கிவிட்டார்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பத்மநாபபுரத்துக்கு அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். எப்போது வந்தாலும் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவருவாள், என்னை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அவளைப் போல நல்ல மனுஷியைக் காண்பது அரிது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இது நம்ம கெணத்தடிப் பிலாவுல்லா? நம்ம அம்மை நட்ட மரம். கொள்ளாம் தம்பி, நல்லா கொள்ளாம். தை மாசம் எம்பிள்ளைக்குக் கல்யாணம்லா, நகைய இதுல வச்சுக் கொண்டுபோனா எம்புட்டு அழகா இருக்கும்!”

கேட்கிற குரலே அதில் இல்லை. தன் வீட்டுப் பானையில் தண்ணீர் மொள்ளுகிறவள் யாரையும் கேட்பாளா? நான் அப்பாவைப் பார்த்தேன். சிரித்து ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார் என்று நம்பினேன்.

“கொண்டு போக்கா,” என்றார் அப்பா. “அரக்கு காயல்ல. பாத்துத் தூக்கணும்.”

அம்மையாவது வாயைத் திறப்பாள் என்று திரும்பினேன். அவளோ உள்ளே போய், வெறும் பெட்டியாகக் கொடுக்கக் கூடாதென்று வெற்றிலையும் மஞ்சளும் எடுத்துவந்து மூடியைத் திறந்து வைத்தாள். என்ன நடக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டேன்.

“இது எனக்குள்ளது! அப்பா எனக்குச் செஞ்சது!”

அப்பா அடித்தார். அதுவரை என்மேல் கை ஓங்கியதுகூட இல்லாத மனிதர். வலி உறைக்கவில்லை. அடித்தது இவர்தானா என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தைதான் பதறிப்போனாள். “ஏலே, உனக்குக் கிறுக்கா? பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று என்னை அணைத்துக்கொண்டாள். “அழாத மக்கா. உனக்கு உங்க மாமன் இதவிடப் பெருசா செஞ்சு தருவான்.” மனசாரத்தான் சொன்னாள். அவள் முந்தானையில் என் கண்ணீரோடு கையிலிருந்த அரக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு மருமக்கள் வழி. ஒருவருடைய குடும்பச் சொத்து அவருடைய அக்கா தங்கைகளின் பிள்ளைகளுக்குத்தான் போகும். பெற்ற பிள்ளைகள் தங்கள் தாய்மாமன் கையைப் பார்த்திருக்க வேண்டியதுதான். மரம் குடும்பத்து மரம், ஆகவே பெட்டியும் குடும்பத்துப் பெட்டி. இது அத்தைக்குத் தெரியும், அம்மைக்குத் தெரியும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். அறுத்து, இழைத்து, கிளி செதுக்கிய அத்தனை நாளும் அதை மறந்துபோயிருந்தவர் அப்பா ஒருவர்தான்.

வண்டியில் வைக்கோல் பரப்பி, பெட்டியை அவரே தூக்கி வைத்தார். வண்டி போன பிறகு முற்றத்தில் கிடந்த மரச்சுருளையெல்லாம் கூட்டி அள்ளினார். அப்பா என்னைக் கூப்பிடுவார், கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று வைராக்கியமாக நின்றேன். அவர் கூப்பிடவே இல்லை. அம்மை சாப்பிட அழைத்தபோது, “நீங்க ரெண்டுபேரும் உண்ணுங்க,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அதன்பின் பல நாள் அப்படித்தான் நடமாடினார். எங்கள் இருவர் மேலும் அவருக்கு என்ன இவ்வளவு கோபம் என்று நினைத்து நினைத்து நான் அழுதேன். ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே பெண்டாட்டி பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கப்படுவான் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.