பயந்த கைக்கு ஒரு பிடி

விரல்கள் மரத்தின் மேல் போய் வருகின்றன. கண்கள் மூடியிருக்கின்றன. கையிலுள்ள உப்புத்தாள் தேய்ந்து துணிபோல் ஆகிவிட்டது. நாலு தேய்ப்பு, ஓர் ஊதல், பிறகு அந்தக் கைப்பிடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள், காய்ச்சல் பார்ப்பவளைப் போல. எங்கோ உறுத்துகிறது. மறுபடியும் உப்புத்தாள்.

கைத்தடிப் பட்டறை அது. தடி கடைவது கணவன். பிடி செதுக்குவது மனைவி. ஜன்னல் வெயிலில் மரத்தூள் இறங்கவே மனமில்லாமல் மிதக்கும். அதன் நடுவே அவள் லேசாக ஆடிக்கொண்டிருப்பாள்.

“கண்ணத் தொறந்துதான் தேயேன். வர்றவங்க நீ தூங்குறேன்னு நெனைக்கப் போறாங்க.”

“தொறந்தா மரத்தோட ரேகை அழகாத் தெரியும். அதப் பாத்துக்கிட்டே மேட்ட விட்டுடுவேன். நீங்க உங்க தடியப் பாருங்க. போன வாரம் கோணிக்கிச்சே, அது யாரு தூங்கினது?”

பகலில் அவள் பாத்திரம் கழுவுவதில்லை. ஊறின விரலுக்கு எல்லாமே வழவழப்புதான் என்பாள். அதனால் பாத்திரங்கள் கணவன் தலையில். “நல்ல சாக்கு கண்டுபிடிச்சா,” என்று முனகிக்கொண்டே கழுவுவான்.

இப்போது அவள் கையில் இருப்பது ஒரு பேராசிரியைக்கான பிடி. முப்பது வருடம் கல்லூரியில் அழகைப் பற்றிப் பாடம் நடத்தியவர். இடுப்பெலும்பு முறிந்து இப்போதுதான் எழுந்திருக்கிறார். சனிக்கிழமை பிரிவுபசார விழா. மேடைக்குத் தனியாக நடந்து போக வேண்டும். “பசங்க முன்னாடி என்னை யாரும் தாங்கிப் பிடிக்கக் கூடாதும்மா.”

முதலில் ஒரு பிடி செய்தாள். எப்போதும் போலக் களிமண் உருண்டையைக் கொடுத்து உட்கார்ந்தபடியே அழுத்தச் சொல்லி, அந்த அச்சைப் பார்த்துச் செதுக்கித் தடியில் பொருத்தினாள். பேராசிரியை நாற்காலியில் சாய்ந்தபடி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு அழகு! நான் வகுப்புல சொல்லுவேன், அழகுன்னா தள்ளி நின்னு பாக்கணும். தொடணும்னு தோணிட்டா அது வெறும் ஆசை.”

“தள்ளி நின்னா இது விறகு, டீச்சர். எந்திரிச்சுப் பிடிங்க.”

எழுந்தார். ஓர் அடி. விரல்கள் பிடியில் நழுவின. மறு கை சுவரைத் தேடியது. உட்கார்ந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“நான் போகல. விழாவ வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“தப்பு என்னோடது, டீச்சர். உக்காந்த கைக்குச் செஞ்சுட்டேன். பயந்த கை வேற மாதிரி பிடிக்கும்.”

அன்றே ஒரு தடியின் உச்சியில் களிமண்ணை அப்பி, பேராசிரியையின் இடுப்பைத் தான் அணைத்தபடி மூன்றடி நடக்க வைத்தாள். மண்ணில் கட்டைவிரல் ஆழமாகப் புதைந்திருந்தது. சுண்டுவிரல் அடியில் போய்க் கொக்கி போட்டிருந்தது. அந்தக் குழிகளில் தன் விரல்களை ஒவ்வொன்றாக இறக்கி, வெகு நேரம் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவது பிடி முடிந்து தடியில் ஏறியது. பார்க்க ஒரு பக்கம் வீங்கிய கிழங்குபோல இருந்தது. பேராசிரியை அதைப் பார்த்ததும் புருவம் சுளித்தார்.

“பாக்காதீங்க. கண்ண மூடிட்டுக் கைய மட்டும் குடுங்க.”

மூடினார். விரல்கள் ஒவ்வொன்றாக இடம் தேடி இறங்கின. சுண்டுவிரல் கடைசியாகப் போய் அமர்ந்தபோது அவரிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது.

“எந்திரிங்க.”

அவள் தடியின் நடுவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை எழுந்தார். உடம்பின் எடை மெல்லத் தடிக்குள் இறங்கி, தரை வரை போய்ச் சேரும் வரை காத்திருந்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை எடுத்துக்கொண்டாள்.