அழைப்பு யார் பெயரில்

என் மாமியாரை என் ஓரகத்தி கொண்டுபோய்விட்டாள். இதைச் சொன்னால் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். "மாமியார் கனடாவுலயா? நீ குடுத்து வெச்சவக்கா" என்கிறார்கள். ஒருத்தி, "எங்க வீட்டுதையும் சேத்து அனுப்பி வெக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர்களுக்கு என்ன தெரியும்? பொறாமை என்றால் அடுத்தவள் நகையைப் பார்த்து வருவது, வீட்டைப் பார்த்து வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மாமியாரைப் பார்த்து வந்தது.

கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததிலிருந்து அத்தை எங்களோடுதான் இருந்தார். நான் விருதுநகர் பக்கத்துக்காரி, அவர் ராயக்கோட்டை. என் பேச்சை அவர் கிண்டல் செய்வார், அவருடைய களியை நான் கிண்டல் செய்வேன். நான் வாங்கி வந்த தக்காளியில் ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை. பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கிப் பிள்ளைக்கு எண்ணெய் வைப்பது வரை சண்டை. சண்டை போட்ட கையோடு இரண்டு பேரும் ஒரே தட்டில் பொரி போட்டுத் தின்போம். இதெல்லாம் பாசம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நான் அடிக்கப் போயிருப்பேன்.

கொழுந்தனும் அவன் மனைவியும் கனடாவில் இருக்கிறார்கள். அவளுக்குப் பிரசவம் என்று அத்தையை அழைத்துப் போனார்கள். நீண்ட நாள் தங்குகிற மாதிரியான விசா. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. அத்தை வரவில்லை. 'இந்தக் குளிர் முடியட்டும்', 'அந்தக் குளிர் முடியட்டும்' என்றார்கள். கடைசியில், கிளம்பலாம் என்று பேச்சு எழுந்த சமயத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் ஆபரேஷன். இப்போதைக்கு அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பே எனக்கு உள்ளுக்குள் எரிய ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் அத்தை சின்னவள் புராணம்தான் பாடுவார். "சின்னவ ரசம் வெச்சா பாரு, அப்படியே குடிக்கலாம்." "சின்னவ எனக்கு ஸ்வெட்டர் வாங்கியாந்தா பாரு." "சின்னவ சத்தமே போட மாட்டா." அவள் ரசம் எனக்குத் தெரியாதா? பெங்களூரில் வளர்ந்தவள், ரசத்தில் வெல்லம் போடுகிறவள். நான் ரசத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டிருந்தால் அத்தை தெருவைக் கூட்டியிருப்பார். போனை வைத்த பிறகு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. கணவரிடம் சொன்னால், "அங்க இருக்கறவங்களப் பத்திதானே அவங்க பேச முடியும்?" என்பார். நியாயம் பேசுகிற மனுஷனிடம் பொறாமையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை குரல் சிறுத்துப்போனது. "எப்ப வரீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். கணவர் அன்றே போய்விட வேண்டும் என்று துடித்தார். நாங்கள் இருவர், பிள்ளை என மூன்று பேருக்கும் விசிட்டர் விசா போடுவது என்று முடிவானது. பேப்பர் வேலையெல்லாம் வீட்டில் என் பொறுப்பு. அவர் சிப்காட்டை ஒட்டி வாடகை ஷெட்டில் இரண்டு லேத்து போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர். இரும்பைச் சொன்னபடி கேட்க வைப்பார், ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னால் வியர்த்துவிடுவார்.

கனடாவிலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வேண்டும். சின்னவள் உடனே போன் செய்தாள். "அக்கா, நாங்க எழுதித் தர்றோம். வீடு எங்க பேர்லதானே இருக்கு, சம்பள பேப்பரும் வெக்கறோம்."

எனக்குச் சுரீர் என்றது. அவள் என்னை அழைப்பதா? யாரைப் பார்க்க யார் அழைப்பது? இந்தக் குடும்பத்தில் முறை என்று ஒன்று இருக்கிறது. மாமனார் தவறிய பிறகு நடந்த அவளுடைய கல்யாணத்திலேயே பத்திரிகையில் அத்தை பெயரில்தான் அழைப்பு போனது. பெரியவர் இருக்கும்போது சின்னவர்கள் பெயரில் அழைத்தால் பங்காளிகள் மண்டபப் படி ஏற மாட்டார்கள். இத்தனையும் தெரிந்த வீட்டில், எனக்குப் பின்னால் வந்தவள் எனக்குக் கடிதம் எழுதுவாளாம், நான் அதை வாங்கிக்கொண்டு போய் அவள் வாசலில் நிற்பேனாம்.

"அத்த இருக்கறப்ப நீ எதுக்கும்மா அழைக்கணும்? அவங்க பேர்லயே இருக்கட்டும். அதான் முறை" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து அத்தை குரல் கேட்டது. "பெரியவ சொல்றதுதான் சரி. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நீங்க என்னாத்துக்கு?"

அந்த வாரம் முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியவ சொல்றதுதான் சரி! சின்னவள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். கணவர் மட்டும், "வீடு அவங்களோடது. அம்மாவே அங்க விருந்தாளியாத்தானே இருக்காங்க?" என்று இழுத்தார். "பெத்தவ மகன் வீட்டுல விருந்தாளியா?" என்று ஒரே போடாகப் போட்டேன். மனுஷன் லேத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

கடிதத்தை நான் போனில் சொல்லச் சொல்லக் கொழுந்தன் எழுதிக்கொள்ள, அத்தை அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். உறவுக்கு ஆதாரமாகப் புகைப்படங்கள் வேண்டும் என்றார்கள். ஆல்பத்தைப் பிரித்தால் எல்லாப் படத்திலும் சின்னவள் அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். நான் ஓரத்தில் கையில் ஏதாவது பாத்திரத்தோடு நிற்கிறேன். தேடித் தேடி அவள் இல்லாத படம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கெலவரப்பள்ளி அணைக்குப் போனபோது எடுத்தது. நானும் அத்தையும் மட்டும் நிற்கிறோம், பின்னால் பெங்களூர்க் கழிவெல்லாம் சேர்ந்து ஆற்றில் வெள்ளையாக நுரை பொங்கிக் கிடக்கிறது. அதை முதல் படமாக வைத்தேன்.

மூன்று விண்ணப்பங்களையும் மறுத்துவிட்டார்கள்.

காரணம் புரியாமல் பாகலூர் சாலையில் மாடியில் இருக்கிற ஒரு விசா ஆலோசகரிடம் போனோம். என்னைவிடச் சின்னப் பெண். ஃபைலைப் புரட்டினாள். அணைப் படத்தைப் பார்த்து, "இது கனடாவுல எடுத்ததா மேடம்? ஸ்நோ இருக்கு" என்றாள். நான் விளக்கினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனாள். அத்தையின் கடிதத்தில் நின்றாள்.

"யாரு மேடம் இத எழுதச் சொன்னது? இவங்களே அங்க விசிட்டரா இருக்காங்க. ஒரு விசிட்டர் இன்னொரு விசிட்டர எப்படிக் கூப்பிட முடியும்? தங்க வெக்கறதும் செலவு பாக்கறதும் யாரோ, அவங்கதானே எழுதணும்? வீட்டுக்காரங்க கூப்பிடவே இல்லன்னா, அவங்களுக்கு நீங்க வர்றதுல இஷ்டமில்லன்னுதானே எடுத்துப்பாங்க?"

கணவர் சன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன். அவர் பார்க்கவில்லை.

சின்னவளிடம் கேட்க வேண்டியதாயிற்று. எப்படிக் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அவள் குத்திக்காட்டுவாள், நானும் பதிலுக்கு நாலு கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ, "அதுக்கென்னக்கா, இப்பவே அனுப்பறேன்" என்றாள். நான் துணி காயப்போட்டு வருவதற்குள் கடிதம், வீட்டுப் பத்திரம், சம்பளச் சான்று எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினோம். அந்தப் பெண் பேப்பர்களை மூன்று குவியலாகப் பிரித்து வைத்தாள். என் குவியல் உயரமாக இருந்தது. நிரந்தர வேலை, மாதா மாதம் சம்பளச் சீட்டு, இத்தனை நாள் விடுப்பு, இன்ன தேதிக்குத் திரும்பி வேலையில் சேர வேண்டும் என்று கம்பெனி கொடுத்த கடிதம். கணவருடைய குவியல் மெலிந்து கிடந்தது. ஷெட் வாடகைக்கு ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சுதான். சூளகிரிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனிகளுக்கு அவர் செய்து கொடுக்கும் வேலையில் பாதி, போனில் சொல்லிப் போனில் முடிகிறது. ஊருக்கே அவரைத் தெரியும், பேப்பருக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவ ரிஜெக்ட் ஆயிடுச்சு. மறுபடி மூணு பேரும் ஒண்ணாப் போட்டா, குடும்பமே கிளம்பறாங்க, திரும்பி வர மாட்டாங்கன்னு நெனைக்கலாம்" என்றாள் அவள். "மேடம் மட்டும் போடட்டும். மேடம் ஃபைல் ஸ்ட்ராங். சாரும் பாப்பாவும் இங்க இருக்காங்கங்கறதே பெரிய பாயிண்ட். சார் ஃபைல இன்னும் ரெண்டு வருஷம் ரெடி பண்ணணும்."

மகன் அவர். நான் வாழ வந்தவள். "இல்லைங்க, அவர்தான் போகணும், அவர் பேப்பரை எப்படியாவது சரி பண்ணுங்க" என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. உள்ளே எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் மட்டும் போகிறேன். அந்தச் சமையலறையில் நான் நிற்பேன், களி கிண்டுவேன், அத்தை என் கையால் தின்பார், சின்னவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். இவ்வளவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடத்தி முடித்துவிட்டேன்.

"அவ போகட்டுங்க. யாராச்சும் ஒருத்தர் போனாப் போதும்" என்றார் கணவர்.

விசா குத்தப் பெங்களூருக்குப் போய் பாஸ்போர்ட்டைக் கொடுக்க அவர்தான் வண்டியில் கூட்டிப்போனார். அத்திப்பள்ளி நெரிசலில் நின்றபோது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கேழ்வரகு மாவை விமானத்தில் எப்படிக் கட்டி எடுத்துப்போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விசா வந்தது. அன்று மாலையே வீடியோவில் கூப்பிட்டேன். அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் விரிந்தது. "வா வா. வந்து என்னோட சண்ட போடு. இவகிட்ட எதுக்குச் சண்ட போடறதுன்னே தெரியல, எல்லாத்துக்கும் சரிங்கறா" என்றார். சின்னவள் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவளும் சிரித்தாள். இத்தனை மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. போனை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் அத்தை திரைக்குள் தேடினார். "அவன் எங்க? அவனும்தானே வரான்?"

கணவர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். திரையில் விழாமல் மெல்ல நகர்ந்துகொண்டார். "வேல நெறைய இருக்குதும்மா. ஆர்டர் வந்து குவிஞ்சிருக்குது. அடுத்த தடவ வரேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த வாரம் ஒரு லேத்து சும்மா நின்றது எனக்குத் தெரியும்.

"சரி சாமி. வேலையப் பாரு" என்றார் அத்தை.

போனை வைத்தபின் நான் பெட்டியை இழுத்துப் போட்டு அடுக்க ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றுவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கால் வீங்கியிருக்குதா இல்லையான்னு போன்ல எனக்குத் தெரிய மாட்டேங்குது. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நீ போன ஒடனே தொட்டுப் பாத்துச் சொல்லு."

"பாத்தாலே தெரியுமேங்க."

"தெரியாது. இப்படிப் பாக்கணும்."

என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இரும்புத்தூள் ஏறிக் கறுத்த விரல். "இந்த எடத்துல. அழுத்தி, கொஞ்ச நேரம் வெச்சிருந்து எடுக்கணும். குழி விழுந்து அப்படியே நின்னா வீக்கம் இருக்குதுன்னு அர்த்தம். வலிக்காம அழுத்தணும், அம்மா வலிச்சாலும் சொல்ல மாட்டாங்க."

நியாயமாக இந்த வீட்டில் பொறாமைப்பட வேண்டியவர் அவர். அவர் தன் அம்மாவின் காலைப் பற்றித்தான் கேட்டார். நான் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தேன். "நீங்க போங்க" என்று இப்போது சொல்ல வாய் வந்தது. விசாவில் என் படம் இருந்தது.

அவர் விரலை எடுத்துப் பார்த்தார். என் காலில் குழி எதுவும் விழவில்லை. மறுபடி அதே இடத்தில் விரலை வைத்து, இன்னும் மெதுவாக அழுத்தினார்.